எந்த அடி?

நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சை ஆங்கிலமாக்குவதுதான் அவள் பிழைப்பு. எல்லோருக்கும் அவள் மொழிபெயர்ப்பு அக்கா. நரம்பில்லாத நாக்குகளுக்கு நடுவில் நாளெல்லாம் நின்று மரத்துப்போனவள். வெட்டு, குத்து எதைக் கேட்டாலும் முகம் சுருங்காது.

அன்று சாட்சிக் கூண்டில் ஏறிய பெண்ணுக்கு ஒரு கண் திறக்கவில்லை. "புருஷன் அடிச்சாருங்க" என்றாள். நமக்கு எல்லாமே அடிதான். ஆங்கிலத்துக்கு அது போதாது. கையை விரித்து அறைந்தால் ஸ்லாப், மடக்கிக் குத்தினால் பஞ்ச், ஓயாமல் விழுந்தால் பீட், எதையாவது எடுத்து ஓங்கி ஒன்று போட்டால் ஸ்ட்ரைக். சொல் மாறினால் தண்டனையே மாறிவிடும். அதனால் அக்கா கேட்டாள்.

"கையை விரிச்சா, மடக்கியா?"

"மடக்கி."

"ஒரு தடவையா?"

"நான் விழுற வரைக்கும். விழுந்தப்புறம் காலால."

அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அவளுடைய மகளும் போனில், "அம்மா, அவரு அடிச்சிட்டாரு" என்று அழுதிருக்கிறாள். "வீட்டுக்கு வீடு வாசப்படிடி, பொறுத்துப் போ" என்று வாயை அடைத்தவள் இவள்தான். ஊரார் மகளிடம் கேட்டதைப் பெற்ற மகளிடம் கேட்கவில்லை. நானெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு, கோர்ட் கலைந்ததும் நேரே மகள் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க அத்தை" என்று மருமகன் சிரித்தான். மகள் அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதாலடி அடிச்சான்?"

மகள் தன் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து கொப்பளித்திருந்தது. அது எந்த அடியிலும் சேராது.

"கோவத்துல ஒண்ணு வச்சேன் அத்தை, அதைப் போய்..." என்றவன் மகள் பக்கம் திரும்பி, "அம்மாகிட்ட சொன்னியாடி?" என்று முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அவன் தாடை உடைந்தது. மடித்து வைத்த சட்டைகளின் மேல் பற்களும் ரத்தமும் விழுந்தன. மறுபடி ஓங்கியபோது மகள் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு அவளைத் தெரியும். "என்னக்கா, நீங்களா அடிச்சீங்க?"

"ஸ்ட்ரக்னு எழுதுங்க சார். ஒரே தடவை, இஸ்திரிப் பெட்டியால. பீட்னு எழுதணும்னு எனக்கும் ஆசைதான், இவ விடல."

பிறகு பெஞ்சில் ஒடுங்கியிருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப நீ சொல்லுடி. முதல் அடியிலேர்ந்து. கையை விரிச்சா, மடக்கியா?"