ஐந்தாம் எண் பனியன்

எங்கள் ஊர்க் கபடிக் குழுவின் பனியன்களில் எண் தைத்துக் கொடுத்தது நான்தான். மார்கழி பாதியில் குழுவின் செயலாளர் புதுப் பனியன்களை ஒரு சாக்கில் கொண்டுவந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைப்பார். உரக்கடை நடத்துகிறவர், என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவர். ஒவ்வொரு வருடமும் போகும்போது ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார்.

“அக்கா, நம்பர் துணியை மெஷின்ல அடிச்சிடாதீங்க. கையால லேசா நூலோட்டி விட்டாப் போதும். இழுத்தா வந்துடணும்.”

ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதுகூட நாடாவைப் பார்ப்பேனே தவிர முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்த மூட்டையில் என் மகனுடைய பனியனும் வர ஆரம்பித்த பிறகுதான் காரணம் விளங்கியது.

கபடியில் களத்தில் நிற்பது ஏழு பேர். வெளியே காத்திருப்பது ஐந்து பேர். போட்டி நடத்துகிறவர்களிடம் பன்னிரண்டு எண்களையும், அதில் களத்தில் நிற்கும் ஏழு எவை என்பதையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு எண்ணை மாற்ற முடியாது. எண்ணுக்குரிய ஆளை மட்டும் ஆட்டம் தொடங்கும் வரை மாற்றிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் எப்படியோ, எங்கள் பக்கத்து ஊர்ப் போட்டிகளில் அதுதான் வழக்கம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தை தொடங்கிப் பங்குனி வரை வாராவாரம் ஏதாவது ஓர் ஊரில் போட்டி நடக்கும். ஆரம்ப ஆட்டங்களை வெயிலில் ஆடி ஜெயிப்பது ஊர்ப் பையன்கள். இறுதி ஆட்டத்துக்குப் பூதலூர் ஸ்டேஷனில் வெளியூர் ஆட்டக்காரர்கள் வந்து இறங்குவார்கள். கெஸ்ட் என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலும் ஏதாவது ஒரு துறை அணியில் வேலை கிடைத்துவிட்டவர்கள். பெரிய உடம்பு. எங்கள் பையன்களின் பனியன் அவர்கள் தோளைத் தாண்டாது. அதனால் எண் போடாத பெரிய பனியன்கள் சில எப்போதும் சாக்கில் இருக்கும். ஊர்ப் பையனின் முதுகிலிருந்து எண்ணைப் பிரித்துப் பெரிய பனியனில் ஓட்டிவிட்டால் ஆள் மாறியாகிவிட்டது. அந்த வேலைக்காக இறுதி ஆட்டங்களுக்கு என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். களத்துக்குப் பின்னால் ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பேன்.

என் மகன் இடது கார்னர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து இழுக்கிற இடம் அது. வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் கீழே போடுகிற பையன், காலைப் பிடித்தால் விடமாட்டான். ஓர் அரசுத் துறையின் கபடி அணியில் வருடாவருடம் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்பார்கள். ஒழுங்காக ஆடினால் பிறகு நிரந்தரம் ஆகும் என்று பேச்சு. நான் சொல்லப்போகிற வருடம்தான் அவர்களுடைய வயது வரம்பில் அவனுக்குக் கடைசி. அந்தத் துறையிலிருந்து இரண்டு பேர் எங்கள் பக்கத்துப் போட்டிகளின் இறுதி ஆட்டங்களை மட்டும் வந்து பார்ப்பார்கள். ஆரம்ப ஆட்டங்களுக்கு அவர்கள் வருவதில்லை. ஆக, அவன் ஓர் இறுதி ஆட்டத்தில் களத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

குழுவில் சேரும்போதே அக்ரிமெண்ட் என்று ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பங்குனி முடியும் வரை வேறு எந்த ஊருக்கும் ஆடக்கூடாது. இவனும் போட்டுக் கொடுத்திருந்தான். இடது கார்னருக்கு மட்டும் மூன்று பேரை அப்படிப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருவர் கெஸ்ட், அடுத்தது இவன், மூன்றாவது பக்கத்துத் தெருப் பையன்.

தை மாதம் கூத்தாநல்லூர் பக்கத்து அணி ஒன்றிலிருந்து ஒருவர் பைக்கில் வீட்டுக்கே வந்தார். அவர்களிடம் சரியான இடது கார்னர் இல்லை. வந்தால் முதல் ஏழில் இடம், இறுதி ஆட்டம் உட்பட, என்றார். நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல” என்று என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கபடி விஷயத்தில் என்னிடம் ஒருவர் யோசிக்கச் சொன்னது அது ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலமே மகன் செயலாளரைப் பார்க்கப் போனான். அவரே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் கணவர் அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னை விட்டுடுங்கண்ணே. இங்க நான் உக்காந்துதானே இருக்கேன்” என்றான் மகன்.

“உக்காந்திருக்கிறதும் ஒரு பொசிஷன்தான்டா தம்பி.” செயலாளர் சிரித்தார். பிறகு என் கணவரிடம் திரும்பினார். “மாமா, உங்களுக்குத் தெரியாததா? நடவு நட்டு முடிச்சாலும் வரப்போரம் ஒரு கட்டு நாத்து வச்சிருக்கோமா இல்லையா? எங்கயாவது கருகிப் போச்சுன்னா அதுல எடுத்துதானே சொருகணும்?”

“கருகலைன்னா அந்தக் கட்டு வரப்புலயே கெடந்து அழுகிப் போவும்” என்றார் என் கணவர்.

“அதுக்காக வைக்காம இருக்க முடியுமா மாமா? கணுக்கால் எப்ப பிசகும், ரயில் எப்ப லேட்டாகும், லீவு கெடைக்குமான்னு எவனுக்குத் தெரியும்? ஏழு பேரை வச்சுக்கிட்டு சீசனை ஓட்டுற அணி மாசியிலயே படுத்துடும்.”

“அவங்க ஊர்ல என்னை எறக்குறேங்குறாங்கண்ணே.”

“அதனாலதான்டா விடமாட்டேன்.” அவர் குரலில் கோபமே இல்லை. விதை நெல்லின் விலை சொல்வதுபோல் சொன்னார். “உன்னை நான் விட்டா, பைனல்ல உன்னை வச்சே அவன் நம்ம ஆளு காலைப் பிடிப்பான். நீ எனக்கு ஆடாட்டியும் பரவாயில்ல, அவனுக்கு ஆடக்கூடாது.”

என் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப ஒன்னோட உரக்கடையில விக்காத மூட்டையையும் இப்படித்தான் அடுக்கி வச்சிருக்கியா?”

“வச்சிருக்கேன் மாமா. எதிர்க்கடைக்காரன்ட்ட ஸ்டாக் இல்லாம இருக்கணுமே.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதுதான் இப்போது நினைத்தால் கசக்கிறது. அந்த மனிதரிடம் ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் எங்கள் வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனார்.

கூத்தாநல்லூர்க்காரர்கள் வேறு ஒரு பையனைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாசி முழுவதும் ஒரே கதைதான் நடந்தது. இவன் பகலில் ஆடி அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோவான். பிறகு நான் அவன் முதுகிலிருந்து ஐந்தாம் எண்ணைப் பிரிப்பேன். நூலோட்டியதுதான், நகத்தால் இழுத்தாலே வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் குனிந்து நின்று காட்டுவான். அவன் வியர்வையின் ஈரம் என் விரலில் இருக்கும்போதே அடுத்தவர் வந்து முதுகைக் காட்டுவார்.

பங்குனியில் சீசனின் கடைசிப் போட்டிக்கு முந்தின வாரம் கெஸ்ட்டுக்குக் கணுக்கால் பிசகியது. செயலாளர் என் மகன் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “அக்கா, இந்தத் தடவை பைனல் வரைக்கும் இவன்தான். அவரால நடக்கவே முடியலையாம்.”

அன்று பகல் அந்தப் பனியனை எடுத்தேன். ஓட்டியிருந்த நூலைப் பிரித்துப் போட்டுவிட்டு, எண்ணை மெஷினில் வைத்து நான்கு பக்கமும் ரெட்டைத் தையல் அடித்தேன். மூலைகளில் முன்னும் பின்னும் ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மகன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். “கெட்டியா இருக்கே” என்றான். “இருக்கட்டும்” என்றேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது. சொல்ல நினைத்ததையெல்லாம் தைத்துவிட்டேன்.

ஆரம்ப ஆட்டங்களில் அவன் ஆடியதை நான் பார்க்கவில்லை. அரையிறுதியில் கடைசிப் பிடி இவனுடையது என்று என் கணவர் போனில் சொன்னார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

இறுதி ஆட்டம் மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில். எதிரே கூத்தாநல்லூர் அணி. துறையிலிருந்து வந்த இருவரும் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல் களத்துக்குப் பின்னால். பிரிக்க எதுவும் இல்லை என்று நினைத்து ஊசியைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது செயலாளரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கெஸ்ட் வந்து இறங்கினார். கணுக்காலில் பட்டி சுற்றியிருந்தது. லேசாக நொண்டினார்.

“ஆடிடுவீங்களாண்ணே?” என்று யாரோ கேட்டார்கள்.

“நிக்கிறேன், அது போதும். என்னைப் பாத்தா அந்தப் பக்கம் பாடி வர மாட்டானுங்க” என்றார் அவர்.

செயலாளர் பெரிய பனியன் ஒன்றை என் மடியில் போட்டார். “அக்கா, அஞ்சு.”

மகன் வந்து குனிந்து நின்றான். நகத்தால் இழுத்தேன். வரவில்லை. செயலாளர் குனிந்து பார்த்தார்.

“மெஷின்லயா அடிச்சீங்க? எத்தனை வருஷமாச் சொல்றேன்க்கா.” திட்டவில்லை. சுற்றிலும் பார்த்தார். “டேய், யார்ட்டயாவது பிளேடு இருக்கா?”

ரெட்டைத் தையலைப் பிரிக்க நேரமில்லை. பிரித்தால் எண் துணியே கிழியும். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பனியனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

“துணியோட அறுத்துக் குடும்மா. டைமாவுது.”

“அறுக்கவா?”

“அறும்மா. எல்லாரும் பாக்குறாங்க.”

அறுத்தேன். யாரோ நீட்டிய பிளேடால் எண்ணைச் சுற்றிச் சதுரமாகப் பனியனோடு அறுத்து எடுத்தேன். பெரிய பனியனை என் மடியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு நின்ற கெஸ்ட்டின் முதுகில் வைத்து ஓட்டினேன். “குத்திடாதீங்கம்மா” என்றார் அவர், விளையாட்டாக. நல்ல மனிதர்தான். அவருக்கு வேலை ஏற்கெனவே இருந்தது. அந்த ஆட்டத்தில் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மகன் மிச்சமிருந்த பனியனைத் திரும்ப மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். முதுகில் ஜன்னல் மாதிரி ஓட்டை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், “தம்பிக்குக் காத்தோட்டமா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அவன் திரும்பவில்லை.

கெஸ்ட் சொன்னபடி நின்றார். அவர் இருந்த பக்கம் பாடி வந்தவர்கள் குறைவு. அவர் ஒரு காலைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் ஜெயித்தது. தோற்றிருந்தால் செயலாளரைப் பற்றிப் பேச எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் என் மகன் கருகாத வயலின் வரப்பில் கிடந்த கட்டு.

ஆட்டம் முடிந்ததும் துறைக்காரர்கள் இருவரும் எழுந்து தோற்ற அணியின் பக்கம் போனார்கள். அங்கே இடது கார்னரில் ஆடிய பையன் எங்கள் ஆள்களை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தான். மகனுக்குப் பதிலாக அவர்கள் பிடித்துவந்த பையன். அவனை ஓரமாகக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எங்கள் பெஞ்சிலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும்.

வேனில் கோப்பையை மடிக்கு மடி கைமாற்றிக்கொண்டு வந்தார்கள். மகன் மடிக்கும் வந்தது. வாங்கி அடுத்தவனிடம் கொடுத்தான்.

இப்போது அவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறான். சீசனில் ஊர் ஊராகப் போய்விடுவான். எங்கேயாவது போட்டி நடக்கிற ஊரில் நெல் அறுக்கப் போனால் இருட்டுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவானாம். கூட வேலை செய்கிறவர் சொன்னார்.

அடுத்த மார்கழியிலும் செயலாளர் சாக்கோடு வந்தார். மகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செயலாளர் குரலைத் தாழ்த்தவில்லை.

“தம்பி பேரையும் போட்டுருக்கேன்க்கா. கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க.”

“அவனுக்குத்தான் வயசு முடிஞ்சுபோச்சே” என்றேன்.

“துறைக்குத்தானேக்கா வயசு. நமக்கு என்ன? ஆள் கையில இருக்கணும்ல. கூத்தாநல்லூர்காரன் மறுபடி இவனைக் கேக்குறானாம்.”

உள்ளே தட்டில் கை நின்றது எனக்குக் கேட்டது. நான் எழுந்து சாக்கின் வாயைக் கட்டி அவர் பைக்கின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவரைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்துக்கொண்டே, “மெஷின் ரிப்பேர்” என்றேன். வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் மெஷின் இருந்தது. ஊசிக்கடியில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

“கையால ஓட்டுறதுக்கு மெஷின் எதுக்குக்கா?” என்றார்.

சாக்கை நான் திரும்ப எடுக்கவில்லை. அவரே அதைத் தூக்கி பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பனியன் இன்னும் வீட்டில் இருக்கிறது. மருந்தடிக்கப் போகும்போது என் கணவர் மாட்டிக்கொள்கிறார். குளிக்கும்போது பார்த்தால், அவர் முதுகில் ஐந்தாம் எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெயில் பட்டுச் சதுரமாகக் கறுத்திருக்கும். ஒட்டுப்போட்டுத் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்றார்.