கூட்டுக் கிணற்றில் சோலார் மோட்டார்

ஜமுனாமரத்தூருக்கு மேற்கே மலைச்சரிவில் இருக்கிறது செந்தாமரையின் நிலம். மேட்டில் சாமை, கிணற்றை ஒட்டித் தக்காளி. கிணற்றில் சரிபாதி பக்கத்து நிலத்துக் கெங்கம்மாளுக்குச் சொந்தம். அங்கே மின்கம்பம் வரவில்லை. ஒடுகத்தூரிலிருந்து கேனில் டீசல் வாங்கிவந்துதான் இருவரும் இன்ஜின் ஓட்டினார்கள்.

சோலார் மோட்டாருக்கு அரசு பெரும்பங்கு மானியம் தருகிறது என்று வேளாண் பொறியாளர் கலைவாணி ஊர்க்கூட்டத்தில் சொன்னார். செந்தாமரைக்கு ஆசை. அவள் கணவர் வெற்றிச்செல்வன்தான் தயங்கினார். குடகுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்து சேர்த்த பணம் அவருடையது.

"மிச்சத்த நாமதான போடணும்? கெணறு வத்திட்டா இன்னா பண்றது?"

கெங்கம்மாளின் பயம் வேறு. கிணற்றில் பங்கிருப்பதால் அவர் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

"டீசல்னா காசு போவுதேன்னு நீயே நிறுத்திடுவ. வெயிலுக்குக் காசா கேக்கறாங்க? பொழுதுக்கும் ஓட்டுவ. எனக்கு இன்னா மிஞ்சும்?" என்றார்.

கோபத்தோடுதான் வீடு திரும்பினாள் செந்தாமரை. சமைக்கும்போது யோசித்துப் பார்த்தாள். கெங்கம்மாள் அக்கா கேட்டதில் தப்பில்லை என்று பட்டது. மறுநாள் போய்ச் சொன்னாள்: "மிச்சப் பணத்த ரெண்டு வூடும் பாதிப் பாதி போடலாம்க்கா. காலைல எனக்கு, மதியத்துக்கு மேல உங்களுக்கு. தண்ணி கொறைஞ்சா யாரா இருந்தாலும் நிறுத்திடணும்."

கெங்கம்மாள் கையெழுத்துப் போட்டார். வெற்றிச்செல்வனும் பணத்தை எடுத்தார்.

முதல் வருஷம் நன்றாகப் போனது. அடுத்த சித்திரையில் மழையோடு அடித்த சூறைக்காற்று ஒரு புளியங்கிளையை முறித்துச் சோலார் பேனல்கள் மேல் போட்டது. இரண்டு நொறுங்கிவிட்டன. செந்தாமரை ஓடிப்போய்க் கெங்கம்மாளிடம் சொன்னாள்.

"உங்க காசையும் சேத்துக் கெடுத்துட்டேன்க்கா."

"காத்தடிச்சா நீ இன்னா பண்ணுவ? இன்சூரன்ஸ் இருக்குன்னு அந்த இன்ஜினியர் மேடம் சொன்னாங்க இல்ல, போன் போடு."

பழைய இன்ஜினைக் கெங்கம்மாள் விற்காமல் வைத்திருந்தார். தன் செலவில் டீசல் ஊற்றி, பூவும் பிஞ்சுமாக நின்ற செந்தாமரையின் தக்காளிக்குத்தான் முதலில் தண்ணீர் பாய்ச்சினார். அன்று வரப்பில் நின்று அழுததைச் செந்தாமரை இப்போதும் மறைப்பதில்லை.

மோட்டாரோடு காப்பீடும் சில வருஷப் பராமரிப்பும் சேர்ந்தே வந்திருந்தன. கம்பெனி மெக்கானிக் ஃபஹீம் வாணியம்பாடியிலிருந்து பைக்கில் வந்து படம் எடுத்துப்போனார். கொஞ்ச நாளில் புதுப் பேனல்களோடு வந்தார்.

"உங்களுக்குச் செலவு இல்லீங்க. அந்த மரத்துக் கிளைய மட்டும் கழிச்சி வுட்டுடுங்க."

"மானியம் இல்லன்னா இந்தப் பக்கமே தலைவெச்சிப் படுத்திருக்க மாட்டோம். அக்கா இல்லன்னா மானியம் இருந்தும் பேனல் ஒடைஞ்சப்பவே பயந்து வுட்டிருப்பேன்" என்கிறாள் செந்தாமரை.

நிலத்திலேயே வேலை இருந்ததால் வெற்றிச்செல்வன் இந்த வருஷம் குடகுக்குப் போகவில்லை. கெங்கம்மாளின் மேல்பாத்திக்குத் தண்ணீர் ஏறாமல் இருந்தது. அவரிடம் சொல்லாமலே குழாய் வாங்கிவந்து அந்தப் பாத்திவரை பதித்துக் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா நானும் மம்புட்டி எடுத்தாந்திருப்பேன் இல்ல?" என்று திட்டிக்கொண்டே, பாத்தியில் தண்ணீர் பரவுவதைப் பார்த்து நின்றார் கெங்கம்மாள்.