பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் துரோகம்

ஹட்டனில் டீவி பழுதுபார்க்கும் மாசிலாமணி, 2009இல் மலிவு விலை டிஜிட்டல் ஒசிலஸ்கோப் ஒன்றை வாங்கினார். மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் அந்தப் பெட்டிக்குக் குங்குமப் பொட்டும் வைத்தார். தன் பழைய குழாய்த்திரை ஒசிலஸ்கோப் பெட்டியை, அதே தொழில் செய்யும் ரூபனின் கடைக்குத் தள்ளிவிட்டார்.

மறுவாரம், உதிரிப்பாகம் விற்கும் பெரியண்ணன் கொடுத்த, மின்சுற்றுக்குத் தாளம் போடும் மூன்று கிறிஸ்டல்களைச் சோதித்தார். அவை பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் தடவை, துடிக்க வேண்டியவை. புதுப்பெட்டியோ மூன்றுக்கும் வெறும் இரண்டு கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு இரண்டாயிரம் தடவைதான், என்று தீர்ப்பளித்தது. அலை அத்தனை அழகு. அழகு பொய் சொல்லுமா?

“போலிச் சரக்க என் தலையில கட்டிட்டீங்களே அண்ணே,” என்றார், தன் கடைக்கு வந்த பெரியண்ணனிடம், கடை நிறைய ஆள் இருக்க.

பெரியண்ணன் கிறிஸ்டல்களோடு ரூபன் கடைக்குப் போய்த் திரும்பினார். “பழைய பெட்டியில பன்னெண்டு சரியா வருது. ஒங்க பெட்டியில நேரக் குமிழத் திருப்புங்க.”

திருப்பினார். அதே கிறிஸ்டலுக்கு இரண்டு ஏழாயிற்று; ஏழு நாற்பதாயிற்று. வேகமான அலையை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டு, மீதியைக் கற்பனையில் வரைந்திருக்கிறது பெட்டி. அதைத் தடுக்கும் வடிகட்டியை, விலை குறைத்த மகராசர்கள் வைக்கவே இல்லை.

“மெஷினு நம்ப வச்சு ஏமாத்திருச்சு அண்ணே.”

“அது ஒங்களப் பாத்து ஒரு வாரந்தான்,” என்றார் பெரியண்ணன். “நாம பழகிப் பதினெட்டு வருஷங்க.”

கிறிஸ்டல்களை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.