ஆறாம் நம்பர் விளமீன்

என் மனைவியின் தம்பி இரண்டு வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம், "அத்தான், பீரும் வேணும், நல்ல மீனும் வேணும். அக்காவுக்குத் தெரியண்டாம்" என்றான். நாகர்கோவிலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அப்படி ஒரு கடை உண்டு. பாதி ஹாலில் பீர், மறுபாதியில் குடும்பங்கள், நடுவில் ஒரு மூங்கில் தட்டி.

வாசலில் ஐஸ் மேல் மீன்களைப் பரப்பியிருப்பார்கள். கை காட்டினால் பொரித்துத் தருவார்கள். மச்சினன் கால் மணி நேரம் செவுள் செவுளாகத் தூக்கிப் பார்த்து, வால் ஓரம் கிழிந்திருந்த ஒரு பெரிய விளமீனைத் தேர்ந்தெடுத்தான். அதில் ஆறாம் நம்பர் டோக்கனைத் தொங்கவிட்டு அடுக்களைக்குக் கொண்டுபோனார்கள்.

பீர் வந்தது. மீன் வரவில்லை. இரண்டாவது பாட்டிலும் பாதியான பிறகு அவன் எழுந்து தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அத்தான், நமக்க மீனை அங்க திங்காவ!"

"மீன்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும் மக்கா."

"அந்த வாலு நான் பாத்த வாலாக்கும்."

தடுப்பதற்குள் போய்விட்டான். நீள மேசையில் பட்டுச்சேலையும் வெள்ளைவேட்டியுமாகப் பத்துப் பேர். அவனைக் கண்டதும் பாதிப் பேர் எழுந்தார்கள். "வாருங்கோ, இவ்வளவு நேரமா? இருங்கோ!" அவனை இழுக்கப் போன என்னையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மச்சினன் தட்டில் எங்கள் மீனின் ஒரு துண்டு விழுந்தது. அதன்பிறகு அவன் தலை நிமிரவில்லை.

பெண் பார்க்கும் நிகழ்ச்சி அது என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வீட்டில் வைத்தால் அக்கம்பக்கம் பேசும் என்று ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளையின் ஆட்கள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஆட்கள் என்றும் நினைத்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா என் காதருகே குனிந்தார். "மறைக்காமச் சொல்லணும். மாப்பிள்ளைக்குக் குடி உண்டுமா?"

வாயைத் திறந்தால் பீர் மணக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் பாத்ததில்ல" என்றேன். அவர் கண் கலங்கி என் கையைப் பற்றிக்கொண்டார்.

எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையின் அத்தை மச்சினனிடம், "பொண்ணுக்குக் கோவம் வருமோ?" என்று கேட்டாள்.

"முள்ளு அதிகம் இல்ல" என்றான் அவன். அத்தைக்குத் திருப்தி.

பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றும் சாக்கில் பக்கத்தில் வந்து, "அண்ணா, நீங்க யாரு?" என்றாள்.

"இந்த மீன் எங்களது" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்கோ. நீங்க வந்த பிறகுதான் எனக்க சம்பளத்தைக் கேக்கத விட்டாங்க."

அதற்குமேல் எப்படி எழுவது? இருந்தேன். மச்சினனுக்கு மரச்சீனிக் கிழங்கும் வைத்தார்கள்.

கடைசியில் சப்ளையர் வந்து கெடுத்தார். "சார், ஒங்க பீரு அங்க சூடாகுது, நீங்க இங்கயா இருக்கியோ? டோக்கன் தலைகீழாத் தொங்கிட்டு. ஆறை ஒம்பதுன்னு நெனச்சு இந்த மேசையில வச்சுட்டேன்."

பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பினார்.

"இவங்க ஒங்க ஆளு இல்லியா?"

"ஒங்க ஆளுன்னுல்லா நாங்க நெனச்சோம்!" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளைதான் முதலில் வெடித்துச் சிரித்தான். பெண்ணும் சேர்ந்துகொண்டாள். பெரியவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. பெண்ணின் அப்பா மட்டும் என் கையை விடாமல், "ஆனாலும் பையனைப் பத்தி நல்லபடியாத்தானே சொன்னியோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அதே மாப்பிள்ளையோடு ஆவணியில் கல்யாணம் என்றாள். எங்களை வரச் சொல்ல நினைத்தாள் போலிருந்தது. அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.