கைப்பைக்கு ஒரு ஆள்

சிறுவயதில் தேர்தலை என்னைப்போல விரும்பியவர்கள் இத்தாலியின் பலெர்மோ நகரில் இருந்திருக்க மாட்டார்கள். நாங்கள் இருந்த சீசா வட்டாரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தை வாக்குச்சாவடியாக்கி, ஞாயிறு முழுவதும், திங்கள் பிற்பகல் வரையும் வாக்குப் போடுவார்கள். எங்களுக்கு லீவு. யார் வென்றார்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. இரண்டாம் சுற்று வருமா என்று மட்டும் அப்பாவிடம் கேட்பேன்.

எனக்கு எட்டு வயதானபோது ஒரு தேர்தல் வந்தது. அம்மா வேலை செய்த வீட்டு எசமானியான சினியோராவுக்கு அப்போது கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். முகத்தைப் பார்த்து ஆளை அறியமாட்டார், படியேறும் சத்தத்தில் அறிவார். அவரைக் குளிக்கவார்ப்பது, மருந்து கொடுப்பது, வங்கிக் கடிதங்களை எழுத்துக்கூட்டி வாசிப்பது எல்லாம் அம்மாதான். உறவென்று இருந்தவர் அக்காவின் மகன் ஒருவர், எங்கள் வழக்கில் பெறாமகன். ஆடிக்கொருக்கால் ஆவணிக்கொருக்கால் வந்து சோபாவில் சாய்ந்திருப்பார். அவர் ஒரு கட்சியில் மும்முரமாக இருந்தார். வெளிநாட்டுக்காரர் வந்து நகரமே கெட்டுப்போய்விட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அம்மா அவருக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பார். கோப்பியில் மட்டும் அவர் ஒருநாளும் குறை கண்டதில்லை.

சினியோரா அந்தக் கட்சிக்கு எதிராக வாக்குப் போடவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். “இந்தமுறை போட்டிட்டுத்தான் சாவன்” என்றார். அவர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் அம்மா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தமிழில் திருப்பிச் சொல்லிச் சொல்லி, என் நினைவில் சினியோரா எங்கள் ஊர் மன்னார்க்காரியாகவே பேசுகிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனார். வாக்குச்சாவடி பக்கத்துத் தெருவில் இருந்த பழைய பள்ளிக்கூடம். வாசல்வரை அம்மாவின் கையைப் பிடித்து வந்த சினியோரா, உள்ளே போனதும் கையை விட்டுவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டு, நடையில் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பி, ஒரு வகுப்பறை வாசலில் நின்றார். அடிக்கடி வாக்குப் போட்டால் இப்படிக் கண் தெரியாமலும் வழி தெரியும்போலும் என்று நான் நினைத்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த தலைமை அலுவலர் மெலிந்த மனிதர், நல்ல மரியாதை தெரிந்தவர். சினியோரா தன் வாக்காளர் அட்டையைக் கொடுத்து, தனக்குக் கண் தெரியாது என்பதால் இவள் கூட வருவாள் என்றார். அப்படி ஒருவரைக் கூட்டிப்போகச் சட்டத்தில் இடமிருந்தது. அலுவலர் அம்மாவின் அட்டையையும் கேட்டார். எந்த அலுவலகத்திலும் அட்டை என்று காதில் விழுந்தால் அம்மாவின் கை தானாகப் பெர்மெஸ்ஸோவைத்தான் எடுக்கும். இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அந்த அட்டையை அவர் இரண்டு கையாலும் நீட்டினார். அலுவலர் அதை அதே அளவு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கூடப் போகிறவரும் இத்தாலிய வாக்காளராக இருக்கவேண்டுமாம்.

“சட்டம் அப்பிடி, சினியோரா. நான் என்ன செய்ய?”

அதைக் கேட்டதும் சினியோராவின் முகம் ஒருமாதிரியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாக்குப் போட வந்த பெறாமகன் ஓடிவந்தார். நான் இருக்கிறேனே சித்தி, நான் போட்டுத் தருகிறேன் என்று முழங்கையைப் பிடித்தார். அவரிடம் எல்லா அட்டையும் இருந்தது. சினியோரா கையை மெதுவாக உருவி, தலை சுற்றுகிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தபிறகுதான் வாயைத் திறந்தார். “நான் நம்பாதவன் என்னோடை உள்ளுக்கு வரலாம். நான் நம்பினவள் வரேலாது.” பிறகு, கேட்காமலே, அந்த வகுப்பறையைப் பற்றிச் சொன்னார். அவருடைய தாய் யூதப் பெண். சினியோராவுக்கு ஒன்பது வயதானபோது, அப்படிப்பட்ட பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் இருக்கக்கூடாது என்று இனச்சட்டம் வந்தது. பையோடு போன அவரையும் அக்காவையும் ஆசிரியர் அந்த வாசலிலேயே மறித்தார். நல்ல மனிதர்தானாம். அழுதாராம். சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்றாராம்.

பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள் என்றால் பெரிய குழப்படிக்காரியாக இருந்திருப்பார் என்று நான் எண்ணினேன். சினியோரா மீது எனக்குக் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

அம்மா எழுந்துபோய்த் தபால்பெட்டியில் கிடந்த கட்சித் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துவந்தார். வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று அசல் அளவிலேயே அச்சடித்துப் போட்டிருந்தார்கள். அதை மேசையில் விரித்து, சோற்றுக்குத் தண்ணீர் அளப்பதுபோல ஆட்காட்டி விரலை வைத்து அளந்தார். இடப்பக்க மேல் மூலையில் இருந்து ஒரு விரல் இறக்கம், அங்கிருந்து வலப்பக்கம் இரண்டு கணு. அங்கேதான் சினியோராவின் கட்சிச் சின்னம் இருந்தது. சினியோரா அதைப் பாடமாக்கி, பென்சிலால் அழுத்திப் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டார். அது நேரே பெறாமகனின் கட்சியில் போய் விழுந்தது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவுக்குத் தன் பிழை உடனே விளங்கிவிட்டது. அவருடைய விரல் வேறு, சினியோராவின் விரல் வேறு. அவரவர் சோற்றை அவரவர் விரலால்தான் அளக்கவேண்டும். பிறகு சினியோராவின் விரலையே பிடித்து வைத்துப் புதிதாக அளந்தார்கள். பின்னேரம் முழுவதும் ஒருவர் புள்ளடி போட, மற்றவர் “ஓம்”, “இல்லை, கொஞ்சம் கீழை” என்று சொல்ல, நான் அழிறப்பரால் அழித்துக்கொண்டே இருந்தேன்.

இரவு அப்பா வுச்சீரியாச் சந்தையில் தான் சமைத்த ரெஸ்ரோறண்டில் இருந்து வந்து கதையைக் கேட்டார். “சாமி வரங்குடுத்தாலும் பூசாரி விடான் எண்டது இதுதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திங்கட்கிழமை மூவரும் மறுபடி போனோம். வகுப்பறை வாசலில் சினியோரா தன் கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனியாகப் போகிறேன் என்று அலுவலரிடம் சொன்னார். அலுவலருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் தனியாகப் போகக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. எது தலைப்பக்கம் என்று சினியோரா கேட்டபோது, அலுவலர் சீட்டை அவர் கையில் நேராகப் பிடிப்பித்து, வாக்குப் போடும் மறைப்புவரை கூட்டிக்கொண்டுபோய் விட்டார்.

வெகுநேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வாசலில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண் அந்த மறைப்பிலேயே இருந்தது. கைப்பைமேல் அவருடைய ஆட்காட்டி விரல் ஒருமுறை நீண்டு படுத்தது. பிறகு வலப்பக்கமாக இரண்டு கணு நகர்ந்து அழுத்தியது. திரும்பத் திரும்ப அதையே செய்தது. செபமாலை இல்லாத நேரத்தில் அம்மா விரலில்தான் செபம் எண்ணுவார், அதைத்தான் செய்கிறார் என்று நான் நினைத்தேன்.

சினியோரா வெளியே வந்தார். சரியாகப் போட்டாரா என்று அவருக்கும் தெரியாது, வேறு எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவ்வளவு சந்தோசமான ஒரு முகத்தை அந்தக் கட்டடத்தில் அன்று வேறு யாரிடமும் நான் காணவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “பாஸ்தாவுக்குத் தண்ணி வைக்க நேரமாச்சு” என்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். “நீங்கள் ஏன் வாக்குப் போடேல்லை?”

“அப்ப பையை ஆர் பிடிக்கிறது?” என்றார் அம்மா.

அது எனக்கு முற்றிலும் நியாயமாகப் பட்டது. எல்லோரும் கோயிலுக்குள் போனால் செருப்புக்கு ஒரு ஆள் வெளியே நிற்கத்தானே வேண்டும். ஊரில் அம்மாவுக்கு வாக்குப் போடும் வயது வந்தபோது, போரால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து காட்டுக்குள் ஒரு தறப்பாளின் கீழ் இருந்தார் என்பதும், வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் வாக்குப் போட்டதில்லை என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது. அந்தத் தேர்தலில் வென்றது யார் என்றும் நினைவில்லை. இரண்டாம் சுற்று வந்தது. லீவும் கிடைத்தது.

இங்கேயே பிறந்திருந்தாலும் பதினெட்டு வயதுக்குப் பிறகு கேட்டுத்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. முதல் வாக்கை நான் படித்த சீசாப் பள்ளிக்கூடத்திலேயே போட்டேன். அம்மா பூசைக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். வகுப்பறை வாசல் வந்ததும், யாரும் சொல்லாமலே நின்று, என் பக்கமாகக் கையை நீட்டினார்.

நான் அன்று பை எதுவும் கொண்டுபோயிருக்கவில்லை.