சரோஜா வளையல் போடலாமா?

வளையல் கடைக்காரனுக்கு ஊர்ப் பெண்களின் முகத்தைவிடக் கைதான் நன்றாகத் தெரியும். கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களே, யார் எது சொன்னாலும் சிரித்துத் தொலைத்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் ரஹீம் பாயின் வளையல் கடையில் நான் வேலை பார்த்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் சரோஜா. திருநங்கை. அந்தச் சொல் அப்போது கிடையாது; இருந்த சொற்களை எழுத எனக்கு மனமில்லை.

எனக்கு ஒன்றுமில்லை

சரோஜா வேண்டாம் என்று முதலில் வந்தவர் எதிர்ப்பக்க உரக்கடைத் தங்கவேல். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க பாய். ஊரே பேசுது" என்றார்.

"ஊர்ல யாருங்க? ஒரு பேரு சொல்லுங்க" என்றார் பாய்.

தங்கவேல் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "பேரு சொன்னா மனஸ்தாபமுங்க. காலையில இருந்து நான் ஒருத்தனே பத்துப் பேருகிட்ட சொல்லியிருக்கேன்னா பாத்துக்கங்களேன்!"

பாதுகாப்பு

சந்தை நாளில் நிறைய நிலம் வைத்திருந்த பெரிய காட்டுக்காரர் ஒருவர் மருமகளோடு வந்தார். நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார். கண்டவங்க பொம்பளைங்க கையைப் புடிக்கறதா, பாதுகாப்பு வேண்டாமா, நாளைக்குக் குடும்பம் என்னாகும் என்று ஒரே முழக்கம்.

அவர் முழங்கிக்கொண்டிருக்கும்போது, இருபத்தாறு வயதுக் கல்யாணமாகாத நான் அவருடைய மருமகளின் கையைப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தேன். பயந்துபோய் விட்டுவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம்.

"நீ எதுக்குத் தம்பி நிறுத்தற? நீ பாட்டுக்குப் போடு. நான் பொதுவாப் பேசிக்கிட்டிருக்கேன்!"

நல்லதுக்குத்தான்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் எரிச்சல்தான். சரோஜா சோப்புத் தண்ணீர் தடவி, கைவிரல்களைக் குவித்து, ஒரு வளையல்கூட உடையாமல் ஏற்றிவிடுவார். என்னிடம் டஜனுக்கு இரண்டு உடையும். பெண்கள் எல்லாம் அவர் பக்கம்தான் போய் உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் பாயிடம் குழைந்தேன். "அவங்க நல்லதுக்குத்தான் பாய் சொல்றேன். எதுக்கு இத்தனை பேச்சு வாங்கணும்? வேற எங்கியாச்சும் போகட்டுமே." திரும்பினால் பின்னாலேயே சரோஜா நிற்கிறார். கூசிப்போனேன். இன்றைக்கும் கூசுகிறது.

"எட்டுக் கடையில கேட்டு, ஒம்பதாவதா கெடச்ச வேலைங்கண்ணா. இதைப் புடுங்கறது எனக்கு என்ன நல்லதுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

மனு

கடைசியில் தங்கவேல் ஒரு மனுவோடு வந்தார். 'ஊர்ப் பெண்கள்' சரோஜாவை வேண்டாம் என்கிறார்களாம். தாள் முழுக்கப் பெயர்கள், பக்கத்திலேயே கைநாட்டு. பாய்க்கு முகம் செத்துவிட்டது. பெண்களே வேண்டாமென்றால் வளையல் கடை எதற்கு? நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்ல, சரோஜாவின் பக்கம் திரும்பினார்.

சரோஜா முன்னால் கையெல்லாம் சோப்போடு உட்கார்ந்திருந்தவர் தங்கவேலின் மனைவி லட்சுமி. அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் பெயரே அவருடையது.

"நான் பத்தாவது படிச்சவ. பாங்கியிலயே கையெழுத்துத்தான் போடறேன். எனக்கு யாரு கைநாட்டு வெச்சது?"

தங்கவேல் வலக்கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கட்டைவிரல் முழுக்க மை. பாய் எழுந்து, மனுவை மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்தார். லட்சுமி தன் கையை மறுபடி நீட்டினார்.

"நீங்க வூட்டுக்குப் போயி மையைக் கழுவுங்க. சரோஜா, நீ மிச்ச எட்டையும் போடு."

பெண்களுக்காகப் பேசவென்று எங்கள் கடைப் படியேறிய அத்தனை ஆண்களில், வீட்டுக்காரிக்கென்று ஒரு டஜன் வளையல் வாங்கிப் போனவர் ஒருவர்கூட இல்லை.