பச்சைத் துணியைக் கறுப்பாக்கிய மாமா

மாலை ஐந்து இருபதுக்கு மாமா வரிசைத் தட்டு ஒன்றின் மேல் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைப் பிரித்தெடுத்தார். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்று அக்காவுக்கு நிச்சயதார்த்தம். சின்னசேலத்தில், மாப்பிள்ளை வீட்டாரின் கோயிலில், இரவு ஒன்பது மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ஆவணியின் கடைசி முகூர்த்தம் அது. விடிந்தால் புரட்டாசி, ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை நாங்கள் தேதியைத் தள்ளிப் போட்டிருந்தோம். இந்த முறையும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெளியே சாலை இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் கள்ளக்குறிச்சியைச் சுற்றிப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. அவர்கள் கேட்பது நியாயம் என்பதுதான் அப்பாவின் கட்சி. ஆனால் நியாயமும் முகூர்த்தமும் ஒரே நாளில் வந்து நின்றால் பாவம் அவர் என்ன செய்வார்! காலையில் ஒரு கல்யாண வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் போகிற வண்டி என்றால், கறுப்புத் துணி கட்டியிருந்தால் வழி விடுகிறார்களாம்.

நிச்சயத்துக்குப் போகிற வண்டியில் கறுப்புத் துணி! அம்மா அந்தச் சொல் காதில் விழுந்ததற்கே வாசலில் தண்ணீர் தெளித்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ஒளியியல் தாளை மட்டும் மூன்று தடவை எழுதியவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் ஒளியைப் பற்றி அவருக்குத்தான் அதிகம் தெரியும். வரிசைத் தட்டிலிருந்து ஒரு பச்சை ரவிக்கைத் துணியை உருவிக்கொண்டு, எங்களையெல்லாம் நெல் மூட்டை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றி, துணிமேல் அடித்தார்.

துணி கரிக்கட்டைபோல் கறுத்தது.

"பச்சத் துணி பச்ச வெளிச்சத்தத்தான் திருப்பி அனுப்பும். செவப்ப முழுங்கிடும். செவப்பு மட்டும் அடிச்சா திருப்பி அனுப்ப ஒண்ணும் இல்ல. அதான் கறுப்பு" என்றார் மாமா.

"அப்ப இது பச்சையா கறுப்பாடா?" என்றாள் அம்மா.

"நமக்குப் பச்சதான்க்கா. அவங்களுக்குக் கறுப்பு. நாம பொய்யும் சொல்லல, அபசகுனமும் பண்ணல."

"சாமி எந்த வெளிச்சத்துல பாக்கும்?"

மாமாவின் பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. அப்பா குறுக்கிட்டார். "கம்முனு இரு. மாப்ள இன்னாவோ கண்டுபிடிச்சிக்கினு இருக்காரு."

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் துணி பச்சையாகவே தெரிந்துவிடும். அதனால் கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை, கையில் நேரம் இருந்தும், காத்திருந்தோம். பெண்ணைப் பெற்றவர் ஒருவர் சூரியனை அப்படித் திட்டி நான் அதன் பிறகு கேட்டதில்லை.

ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்தான் வண்டி. முன்னால் மூங்கில் நட்டு, அதில் ரவிக்கைத் துணி. அதற்கு மேலே டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு, பல்பைச் சுற்றிச் சிவப்புக் காகிதம். பின்பெட்டியில் தட்டுகளும் அக்காவும் நாங்களும். அந்த வெளிச்சத்தில் அக்காவின் பச்சைப் பட்டுப் புடவையும் கறுத்துப்போனதைப் பார்த்து அம்மா அவள்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

மரம் விழுந்த இடத்தை நெருங்கினோம். நல்ல கூட்டம் இருந்ததைத் தூரத்திலேயே பார்த்தேன். பீடி நெருப்புகள், பேச்சுச் சத்தம். இன்னும் கொஞ்சம் போனதும் யாரோ விசிலடித்தார்கள். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கரும்புத் தோகை சரசரவென்று அசைந்தது. நாங்கள் போய் நின்றபோது அங்கே மரமும் நான்கைந்து செருப்புகளும் மட்டுமே இருந்தன.

மாமா கணக்குப் போட மறந்தது இரண்டு. இருட்டில் கறுப்புத் துணி யார் கண்ணுக்கும் தெரியாது. சிவப்போ, அலைநீளம் அதிகம், காற்றில் அதிகம் சிதறாது, வெகுதூரத்துக்குத் தெரியும். ஆபத்துக்கு அந்த நிறத்தை வைத்திருப்பதே அதனால்தான். அவர்கள் பார்த்தது துணியை அல்ல, உயரத்தில் எரிந்துகொண்டு வந்த ஒரு சிவப்பு விளக்கை.

"நிச்சயதார்த்த வண்டிங்க! பொண்ணு வண்டிங்க!" என்று மாமா கரும்பைப் பார்த்துக் கத்தினார்.

"தடுக்க ஆள் இல்ல, சரி. தூக்க ஆள் எங்கய்யா?" என்றார் அப்பா.

அப்பா, மாமா, டிராக்டர்காரர் மூவரும் புளியமரத்தை முட்டிப் பார்த்தார்கள். அது ஒரு விரற்கடைகூட அசையவில்லை. மணி ஏழரையைத் தாண்டியது. போர்வைக்குள் அக்கா அழ ஆரம்பித்தாள். நானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெரிய பெரிய ஆண்கள் ஒரு பல்பைக் கண்டு செருப்பை விட்டு ஓடினார்களே! அந்த ஓட்டத்தைப் பல ஆண்டுகள் பள்ளியில் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

அக்கா இன்று சின்னசேலத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒளிந்திருந்தவர்களே திரும்பி வந்து மரத்தைப் புரட்டி, 'நல்லபடியா போய்ட்டு வாங்க' என்று அனுப்பினார்கள். எட்டே முக்காலுக்குத் தட்டு மாறியது. மாமா சாகும்வரை அதைத் தன் ஒளியியலின் வெற்றியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் எங்கள் ஊரில் ஏதோ தகராறு என்று பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். கல்லூரிக்குப் போன மகன் போனை எடுக்கவில்லை. தெருமுனையில் நின்றிருந்தேன். ஒரு போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு கடந்தது. அவன் வந்து சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கியும்விட்டான். நான்தான் இரண்டு முறை எழுந்து போய் அவன் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வருடங்களில் சிவப்பு விளக்கு வைத்த போலீஸ் வண்டி வந்த ஊர்களில் சில வீடுகளுக்குப் பிள்ளைகள் திரும்பவில்லை என்பது அன்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஒளிந்தவர்கள் தாமாக வெளியே வரவில்லை. அவர்களை வரவழைத்தது ஒரு பெண்மணி. நான் சிரித்துக்கொண்டிருந்தபோது வரப்பின் வழியாகத் தனியாக வந்தார். எங்கள் தட்டுகளையோ போர்வைக்குள் இருந்த பெண்ணையோ அவர் பார்க்கவில்லை. வேட்டிகளுக்கு நடுவே முழுக்கால்சட்டை போட்டிருந்த மாமாவின் முன்னால் போய், கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

"சார், அந்த வெளக்க அணைச்சிடுங்க சார். எம்புள்ள கரும்புக்குள்ள கீறான், வூட்டுக்கு வரணும்."